சாவியை வாங்குமுன் சற்றுச் சிந்திப்பீர்!

உத்தமபாளையத்தில் ஒரு முகூர்த்த நாள் காலையில் கோயில் வாசலில் நின்று பாருங்கள். புத்தம் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வரும். கைப்பிடியில் மாலை தொங்கும். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருக்கும். வண்டிக்காரர் மெல்ல ஏற்றி நசுக்குவார். பழம் சரியாக நசுங்கியதா என்று சுற்றி நிற்கும் பத்துப் பேரும் குனிந்து பார்ப்பார்கள். அதே வண்டியின் பெட்டிக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று கிடக்கிறது. இன்ஷூரன்ஸ் பாலிசி என்று அதற்குப் பெயர். அதைக் குனிந்து பார்க்க ஒருவர் இல்லை!

பழத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. தாளையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். பழம் நசுங்கியதும் சடங்கு முடிந்துவிடுகிறது. தாளின் வேலையோ, வேண்டாத நாள் ஒன்று வந்தால் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

"நாட்டில் எத்தனையோ பிரச்னை இருக்க, மோட்டார் சைக்கிளைப் பற்றியா எழுதுவது?" என்று சிலர் கேட்கலாம். மோட்டார் சைக்கிள் யாருடைய வண்டி என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர், கொத்துவேலைக்குப் போகிறவர், பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர், ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க மனைவியைக் கொண்டுபோய் விடுகிறவர் எல்லோரும் எதில் போகிறார்கள்? சீமான்களின் காரிலா? இல்லை. இரண்டு சக்கரத்தில்தான் உழைக்கும் வர்க்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவதும் அதில்தான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் காட்டியது. அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கும் மேல்! இது தொழிலாளியின் பிரச்னை இல்லையென்றால் வேறு எதுதான் தொழிலாளியின் பிரச்னை?

ஆகவே, முதன்முதலாக வண்டி வாங்கப் போகும் இளைஞர்களுக்கும், வாங்கிக் கொடுக்கப் போகும் தகப்பன்மார்களுக்கும் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். எந்த வண்டி என்பது ஒன்று. எந்தப் பாலிசி என்பது மற்றொன்று.

எந்த வண்டி?

வண்டியைத் தேர்ந்தெடுப்பது கண் அல்ல. கால் தேர்ந்தெடுக்க வேண்டும். இருக்கையில் உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். நுனிக்கால் மட்டும் தொடுகிற வண்டி புதியவருக்கு ஆகாது. அடுத்தது எடை. ஹீரோ ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. இரண்டுக்கும் இடையில் ஒரு ஆள் எடையையும் தாண்டிய வித்தியாசம் இருக்கிறது. ஓடும்போது எடை தெரியாது. சந்தைக்குள் திருப்பும்போதும், மணல் கிடக்கும் வளைவில் நிறுத்தும்போதும், பின்னால் ஒருவர் இருக்கையில் சாயும்போதும் தெரியும். தெரிந்துகொள்ளும்போது கால் அடியில் கிடக்கும்.

இரண்டாவது, வண்டியை வேலை தேர்ந்தெடுக்க வேண்டும். ஓசூரிலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது பெரிய வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, மூட்டையையும் சுமந்து, ஏழையின் வீட்டு வாசலில் முதல் எஞ்சினாக நின்றது அதுதான். அதன் வழி வந்த எக்ஸ்.எல். இன்றும் வாழைத்தாரையும் புல்லுக்கட்டையும் சுமக்கிறது. மூட்டை சுமக்க வேண்டியவர் அதை வாங்கலாம். நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய்வருகிறவர் 100 அல்லது 125 சி.சி. வண்டி வாங்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்பவர், வேலைக்காகவா, வேடிக்கைக்காகவா என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, சாலை தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ச் சாலை ஒரே மாதிரிச் சாலையா? திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகும் நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் பறக்கின்றன. அதை விட்டு இறங்கினால் அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே வைக்கோல் விரித்துக் கிடக்கும். அதன்மேல் பிரேக் போட்டால் வண்டி நிற்காது, வழுக்கும். ஆனி ஆடியில் மேலைக்காற்று பள்ளத்தாக்குக்குள் புகுந்து அடித்தால், லாரி ஒன்று கடந்துபோகும் நேரத்தில் வண்டி ஓரடி நகர்ந்து நிற்கும். இன்னொரு பக்கம் மலை: குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் ஏற்றம், சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸுக்கு அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவு. இவற்றில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். இதைவிடப் பெரிய அறியாமை வேறில்லை. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடி இழக்கும்.

ஆகவே பிரேக்கைப் பார்த்து வண்டி வாங்குங்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., அதுவரை உள்ளவற்றில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். என்பது 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய பழைய வண்டி வாங்குகிறவர் இது இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது மடிச்சீலை. ஷோரூமில் மாதத் தவணையை மட்டும் சொல்வார்கள். அதனோடு பெட்ரோல், டயர், செயின், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தரமான ஹெல்மெட் இரண்டுக்கு உரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மீதிக்கு வண்டி பாருங்கள். ஏன் இரண்டு? 2022-இல் ஹெல்மெட் அணியாமல் மாண்ட 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்! பின்னால் உட்காருகிறவர் யார்? தாய், மனைவி, தங்கை, உடன் வேலை செய்யும் தோழர். அவர்கள் தலை மட்டும் இரும்பா?

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குக் கியர் வண்டியின் சாவி கொடுக்கிற தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பையன் குற்றம் செய்தால் தண்டனை பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ உண்டு: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து. பாசம் என்ற பெயரில் பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கலாமா?

எந்தப் பாலிசி?

"போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கு ஒரு இன்ஷூரன்ஸ் போடுங்க அண்ணே, இருப்பதிலேயே குறைந்ததாக!" இப்படித்தான் நம் தோழர்கள் கேட்கிறார்கள். இந்தப் பேச்சுத்தான் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்துகிறது என்று அடித்துச் சொல்கிறோம்.

கட்டாய இன்ஷூரன்ஸ் என்பது என்ன? நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் ஈடு கொடுப்பது. பிரிட்டனில் 1930-இல் வந்தது. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி, 1946 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அது. ரோட்டோரம் நடந்துபோன கூலிக்காரன் அடிபட்டுச் செத்தால், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் வண்டிக்காரனின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம். அதை நாம் வரவேற்கிறோம், போற்றுகிறோம்.

ஆனால் இது பிறருக்கு! நமக்கு அல்ல. நம் தவறால் நாமே விழுந்து கால் ஒடிந்தால் இந்தப் பாலிசி ஒரு காசு தராது. வண்டி நொறுங்கினாலும், களவு போனாலும் தராது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பின்னால் உட்கார்ந்து வந்தவர் இறந்தால்? எதிரே வந்தவர் தவறென்றால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கொடுக்கும். நம் வண்டியை ஓட்டியவர் தவறென்றால், கட்டாயப் பாலிசி மட்டும் உள்ள வண்டியில் பின்னால் சென்றவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்புச் சொன்னது. முழுப் பாலிசி எடுத்திருந்தால் பின்னால் இருப்பவருக்கும் கம்பெனிதான் பொறுப்பு என்று 2012-இல் அதே நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள் தோழர்களே! சிக்கனம் என்று நினைத்து எடுத்த தாளில் மனைவிக்கு இடமில்லை. சில நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்த தாளில் இடமிருக்கிறது.

சரி, ஓட்டுகிறவருக்கு? அதற்கென்று தனியாகத் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று உண்டு. இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்கு ஒரு லட்சம் என்றுதான் முன்னே வைத்திருந்தார்கள். குடும்பத் தலைவனின் உயிருக்கு ஒரு லட்சமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் 2017-இல் எழுந்த பின்னர், 2018-இல் அது 15 லட்சமாக உயர்ந்தது. உயிர் போனால் முழுத்தொகை. இரண்டு கையோ, இரண்டு காலோ, இரண்டு கண்ணோ போனாலும் முழுத்தொகை. ஒரு கையோ, காலோ, கண்ணோ போனால் பாதி.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தப் பணம் 'உரிமையாளர் – ஓட்டுநர்' என்பவருக்குத்தான். அதாவது ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே, செல்லத்தக்க லைசென்ஸோடு ஓட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் நடப்பதென்ன? கடன் கிடைக்கத் தோதாக வண்டி தகப்பனார் பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். அல்லது மனைவி பெயரில் இருக்கும், ஓட்டுவது புருஷன். மகன் விழுந்தால் தகப்பன் பெயரில் உள்ள அந்தக் காப்பு மகனுக்கு உதவாது. ஆகவே ஓட்டுகிறவர் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்யுங்கள். முடியாதென்றால் ஓட்டுகிறவருக்குத் தனியாக விபத்துக் காப்பு எடுங்கள்.

இன்னொரு மயக்கம் 'ஐந்து வருஷ இன்ஷூரன்ஸ்'. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுப் பாலிசி கட்டாயமாயிற்று. வாங்கியவர் ஐந்து வருஷம் கவலையில்லை என்று தாளைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார். ஐந்தாண்டு என்பது பிறருக்கான காப்புக்கு மட்டும். வண்டிச் சேதத்துக்கான காப்பு முதல் ஆண்டோடு முடிகிறது. விபத்துக் காப்பும் ஓராண்டுக்கு எடுத்திருந்தால் அதுவும் முடிகிறது. அதை அவர் அறிவது எப்போது? விழுந்த பிறகு! ஐந்தாண்டு முடிந்தபின் புதுப்பிக்க மறந்து, எந்தக் காப்புமே இல்லாமல் ஓடுகிற வண்டிகளோ ஏராளம்.

விலையைப் பார்ப்போம். பிறருக்கான காப்பின் கட்டணத்தை சர்க்காரே நிர்ணயிக்கிறது. எல்லாக் கம்பெனியிலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75-லிருந்து 150 சி.சி. வரை ஆண்டுக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366 ரூபாய். அதற்கும் மேல் 2,804 ரூபாய். எஞ்சின் பெருத்தால் கட்டணமும் பெருக்கும் என்பதை வண்டி தேர்ந்தெடுக்கும்போதே நினையுங்கள். வண்டிச் சேதத்துக்கான கட்டணம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில் சொல்கிற கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். கட்டணத்தைக் குறைக்க வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதித் தருவார்கள்; ஏமாறாதீர்கள். வண்டி களவு போனால் அந்த மதிப்புத்தான் கைக்கு வரும். சிறு கீறலுக்கெல்லாம் பணம் கேட்காதீர்கள். கேட்காத ஆண்டு ஒவ்வொன்றுக்கும் தள்ளுபடி உண்டு. 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாண்டில் 50 விழுக்காடு வரை சேரும்.

பழைய வண்டி வாங்கினால்

நம் தோழர்களில் பலர் முதலில் வாங்குவது பழைய வண்டிதான். அதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட 29, 30-ஆம் நம்பர் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே மூன்று வருஷம் ஓட்டுகிறார்களே, அதில்தான் ஆபத்து. விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வாங்கியவருக்கோ, வண்டிச் சேதத்துக்கான காப்பு பழைய பெயரிலேயே கிடப்பதால் கைக்கு வராது. உரிமை மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு நாள் கூலி போனால் போகட்டும். ஆயுட்காலக் கூலியை அடகு வைக்காதீர்கள்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் இப்படித்தான். அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம் என்று 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழி காட்டியிருக்கிறது. லட்சக்கணக்கில் அந்த வசூல் வந்தால் காணி நிலம் போகும், குடியிருக்கும் வீடும் போகும்.

சர்க்காருக்குச் சொல்ல வேண்டியது

தோழர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாம் நிறுத்தப் போவதில்லை. சர்க்காரையும் கேட்கிறோம்.

714 ரூபாய்க்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டால் 842 ரூபாய் 52 காசு ஆகிறது. எடுத்தே தீர வேண்டும், எடுக்காவிட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துகிற ஒன்றுக்கு வரியா? 2025 செப்டம்பரில் வரியைத் திருத்தினார்கள். சரக்கு லாரிக்கான இதே காப்புக்கு வரியை 12-லிருந்து 5 ஆக்கினார்கள். 350 சி.சி. வரையிலான வண்டியின் விலைமேல் இருந்த வரியையும் 28-லிருந்து 18 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் கொத்தனார் வண்டியின் கட்டாயக் காப்புக்கு மட்டும் 18 அப்படியே நிற்கிறது. லாரிக்கு 5, கூலிக்காரனின் வண்டிக்கு 18! இது என்ன நியாயம்? 150 சி.சி. வரையிலான வண்டிக்காவது இந்த வரியை முற்றிலும் நீக்க வேண்டும்.

பின்னால் உட்காருகிறவரையும் கட்டாயக் காப்புக்குள் கொண்டுவர வேண்டும். இந்த நாட்டில் இருசக்கர வண்டி ஒருவர் மட்டும் போவதற்கா செய்யப்படுகிறது? குடும்பமே அதில்தானே போகிறது?

பாலிசித் தாளில் 'பயன்பாட்டு வரம்பு' என்றொரு பகுதி இருக்கும். சொந்த மூட்டை முடிச்சு தவிர்த்த சரக்கு ஏற்றினால் காப்பு இல்லை என்பது போன்ற வாசகம் அதில் வருவதுண்டு. பால் கேனும் திராட்சைப் பெட்டியும் ஏற்றாத எக்ஸ்.எல். நம் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது? உழைப்பவனின் வாழ்க்கையை அறிந்து அந்த வாசகத்தைத் திருத்த வேண்டும். தாளின் முதல் பக்கத்தில், யாருக்குக் காப்பு உண்டு, யாருக்கு இல்லை, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் தெளிந்த தமிழில் அச்சிட வேண்டும். 1973-இல் பொது இன்ஷூரன்ஸை நாட்டுடைமையாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நான்காக்கினார்கள். அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் அச்சிடுவது அத்தனை பெரிய காரியமா?

கிளைத் தோழர்களுக்கு

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். உத்தமபாளையத்திலும், சின்னமனூரிலும், கம்பத்திலும், கூடலூரிலும் படிப்பகத்திலோ டீக்கடை பெஞ்சிலோ உட்காருங்கள். படித்த கல்லூரி இளைஞர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவரின் ஆர்.சி. புத்தகத்தையும் லைசென்ஸையும் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். நாலே கேள்விகள் போதும். வண்டி யார் பெயரில்? ஓட்டுவது யார்? பின்னால் உட்காருபவருக்குக் காப்பு உண்டா? ஒவ்வொரு காப்பும் எந்தத் தேதியில் முடிகிறது? பதிலைத் தாளின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை. கொடிக்கம்பம் நடுவதைவிட இது சிறிய பணி என்று யாரும் எண்ண வேண்டாம்.

842 ரூபாயை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை. அதன்மேல் விபத்துக் காப்பையும் வண்டிக் காப்பையும் கூட்டினாலும், பெட்ரோலுக்குப் போடுகிற காசின் பக்கத்தில் அது வரப்போவதில்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்துப் பணக்காரர் ஆனவரை நாம் கண்டதில்லை. அதைக் கட்டாமல் விட்டதால் பிள்ளையின் படிப்பு நின்றுபோன வீடுகளைத்தான் கண்டிருக்கிறோம்.

மாலை போடுங்கள். எலுமிச்சம்பழமும் வையுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் சாவியை வாங்குமுன் அந்தத் தாளை விரியுங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா? உங்கள் பின்னால் உட்காரப் போகிறவருக்கு அதில் இடமிருக்கிறதா? இருந்தால் வண்டியை எடுங்கள். இல்லையென்றால், எழுதி வாங்கிய பிறகு எடுங்கள்.